இளம் குவார்ட்டர்பேக்கின் உடல்மொழி: தோளைப் பார்த்துத் தலைவனா என்று சொல்லிவிட முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெக்சாஸில், டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். என் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். இங்கே பிள்ளை பேண்டில் இருந்தால் பெற்றோருக்கு வெள்ளிக்கிழமை இரவெல்லாம் ஃபுட்பால் மைதானம்தான். பாப்கார்னும் நாச்சோஸும் விற்கிற கடையைக்கூட எங்கள் பள்ளியில் பேண்டுப் பெற்றோரே நடத்துகிறோம். நாலு வருடம் நாச்சோஸுக்குச் சீஸ் ஊற்றிக்கொண்டே பார்த்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் இன்னும் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச்சுற்றி ஒரே கேள்விதான்: "அந்தப் பையன் முகமே சரியில்லையே, இவன் எப்படி டீமை நடத்துவான்?" அதற்கு இதுவரை சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், குவார்ட்டர்பேக் என்பவன் யார்?

அமெரிக்க ஃபுட்பால் நாம் ஊரில் ஆடிய கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூர்ந்த பந்து, பக்கத்துக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி 4 முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு 'பிளே'. நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவான். அதை வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். எறிவதா, ஓடுபவன் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவன் முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு பிளேக்கும் அடுத்ததற்கும் நடுவே என்எஃப்எல்லில் (இங்குள்ள தொழில்முறை லீக்) 40 நொடிதான். கோச்சின் குரல் அவன் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்தத் தொடர்பை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு காதில் யாரும் இல்லை. எதிரே பத்து ஜோடிக் கண்கள் மட்டும். இந்த 15 நொடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மற்ற பத்துப் பேரை விட்டுவிட்டு இவன் தோளையே ஏன் பார்க்கிறார்கள்?

கேமரா அவனைக் காட்டுவதால். எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துவிட்டால், அதாவது இன்டர்செப்ஷன் ஆகிவிட்டால், டிவிக்காரர்கள் முதலில் காட்டுவது குவார்ட்டர்பேக்கின் முகத்தை. பந்தைத் தவறவிட்ட ரிசீவர் (எறிந்ததைப் பிடிக்க வேண்டியவன்) பெஞ்சில் எங்கோ ஒளிந்துகொள்ளலாம். எதிரணி குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் தடுக்கத் தவறிய லைன்மேன் யாரென்று வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இவன் ஒருவனுக்குத்தான் ஒளிய இடமில்லை. ஒரு பையனின் முகத்தை மணிக்கணக்கில் இவ்வளவு நெருக்கத்தில் காட்டினால், நம் வாய் சும்மா இருக்குமா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்களே. தெரியாதா?

தெரியும், தெரிந்தவர் முகமாக இருந்தால். என் மனைவி சமையலறையில் பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே நிலவரம் எனக்குப் புரிந்துவிடும். இருபது வருடப் பழக்கம். டிவியில் பார்க்கிற பையனோடு நமக்கு என்ன பழக்கம்?

ஈலை மானிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் ஆளாகத் தேர்வாகி நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்தவர். முகம் எப்போதும் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி இருக்கும். தவறு செய்தால் வாய் லேசாகத் திறந்து, புருவம் இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல நிற்பார். அவரோடு ஆடி, 2006 சீசனோடு ஓய்வு பெற்று, டிவி விமர்சகராகிவிட்ட டிக்கி பார்பர், ஈலை அணியினர் முன் எழுந்து பேசியது சில சமயம் சிரிப்பாகத்தான் இருந்தது என்று 2007 ஆகஸ்டில் வெளிப்படையாகவே சொன்னார். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2008 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பவுல், என்எஃப்எல்லின் இறுதியாட்டம். எதிரே அதுவரை ஆடிய 18 ஆட்டத்தையும் வென்றிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். 2 நிமிடம் 39 நொடி மிச்சம், 4 புள்ளி பின்தங்கல், 83 கெஜம் போக வேண்டும். அதே தூக்கமுகத்தோடுதான் ஈலை உள்ளே வந்தார். 35 நொடி மிச்சம் இருக்கும்போது டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார். 17-14. ஆட்ட நாயகனும் அவரே. நான்கு வருடம் கழித்து அதே பேட்ரியட்ஸை அதே முகத்தோடு இன்னொரு முறை சாய்த்தார். அதற்குப் பிறகு அந்த முகத்துக்குப் பேர் 'நிதானம்' ஆகிவிட்டது. முகம் மாறவே இல்லை. நாம் வைத்த பேர்தான் மாறியது.

சிகாகோ பேர்ஸ் குவார்ட்டர்பேக் ஜே கட்லர் கதை இதற்கு நேர் எதிர். 2011 ஜனவரி 23, சிகாகோ பேர்ஸுக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கும் லீக்கின் ஒரு பிரிவுக்கான இறுதியாட்டம். வென்றால் சூப்பர் பவுல். மூன்றாம் காற்பகுதித் தொடக்கத்தில் கட்லர் முழங்கால் வலியோடு வெளியேறினார். அதன்பின் கேமரா காட்டியதெல்லாம் சைட்லைனில், அதாவது மைதான ஓரத்தில், பேசாமல், எதற்கும் அசையாத முகத்தோடு இருந்த ஒரு மனிதரை. பேர்ஸ் 14-21 என்று தோற்றது. ஆட்டம் முடிவதற்குள்ளேயே வேறு அணி வீரர்கள் ட்விட்டரில் அவரைக் கோழை என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்கள். சில ரசிகர்கள் அவர் பேர் போட்ட ஜெர்சியைக் கொளுத்தினார்கள். மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், முழங்கால் உள்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் காலோடு சில பிளேக்கள் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது 2008லேயே ஊருக்கெல்லாம் தெரியும். வலியையும் நோயையும் வெளியே காட்டாத ஆளை, எதிலும் அக்கறையில்லாத ஆள் என்று நாடே படித்தது.

கட்லர் பெரிய தலைவர் என்று நான் வாதாடவில்லை. அவர் தலைவரா இல்லையா என்பதற்கு அன்றைய முகம் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் உடல்மொழி என்பதே சுத்தப் பொய்யா?

இல்லை. அது வேலை செய்கிறது. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் பெனால்டி ஷூட் அவுட்களை மோல், யோர்டெட், பெப்பிங் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010ல் வெளியிட்டார்கள். கோல் அடித்தவுடன் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடியவர்களின் அணி கடைசியில் வெல்வது அதிகமாக இருந்தது. அந்தக் கொண்டாட்டம் அணியினருக்கும் எதிராளிக்கும் தொற்றிக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். நான் இதில் கவனிப்பது, அந்தச் சைகை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான். அது மைதானத்தில் இருப்பவர்களுக்கு. ஸ்டாண்டுக்கோ சோபாவுக்கோ இல்லை.

இன்னொன்று, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் உளவியல் பேராசிரியராக இருந்த நளினி அம்பாடியின் ஆய்வு. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் சில நொடிக் காட்சிகளைச் சத்தமில்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக்காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். அந்த மதிப்பெண்கள், பருவ முடிவில் மாணவர்கள் அதே ஆசிரியர்களுக்குப் போட்ட மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒத்துப்போயின. 1993ல் வந்தது. 'ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்' என்பவர்கள் கையில் எடுக்கிற ஆயுதம் இது. சரி, ஆனால் எது எதோடு ஒத்துப்போனது? பார்த்தவர்களின் அபிப்பிராயமும் படித்தவர்களின் அபிப்பிராயமும். யார் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. குவார்ட்டர்பேக்குக்கு இதைப் பொருத்தினால், யாரை மக்களுக்குப் பிடிக்கும் என்பதை நீங்கள் நொடியில் சொல்லிவிடுவீர்கள். யார் நாலாவது காற்பகுதியில் அணியை இழுத்துப் போவான் என்பது வேறு கேள்வி.

நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்களே?

ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967ல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. ஒற்றை வார்த்தையைப் பல தொனியில் சொல்ல வைத்து, முகப் படங்களைக் காட்டி, சொன்னவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனை. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பூசக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலில் 93 சதவீதம் என் முகத்தில் இருந்தால் நீங்கள் எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சரி, நீங்கள் மைதானத்தில் எதைப் பார்ப்பீர்கள்?

அவனைப் பார்ப்பதில்லை. அவனைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பேன்.

எங்கள் பள்ளியில் அடுத்தடுத்து இரண்டு குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள். முதலாமவன் பார்க்க ராஜா மாதிரி இருப்பான். ஆறடிக்கு மேல், நிமிர்ந்த நெஞ்சு. இன்டர்செப்ஷன் போட்டால்கூடத் தலை தொங்காது. கையைத் தட்டிக்கொண்டே வெளியே வருவான். ஸ்டாண்டில் எல்லாரும் "தலைவன்டா" என்போம் (ஆளுக்கொரு பாஷையில்). ஒரு நாள் கடையில் கூட்டம் குறைந்த நேரம், கம்பி வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கை தட்டிக்கொண்டே ரிசீவரைக் கடந்து போனான். ரிசீவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெஞ்சில் லைன்மேன்கள் ஐந்து பேரும் ஒரு கோடியில். இவன் நடந்துபோய் மறு கோடியில், கோச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் இருந்தன. அன்று முழுக்கக் கவனித்தேன். அந்த இடைவெளி குறையவே இல்லை.

அடுத்த வருடம் வந்தவன் குள்ளம். தோள் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். தப்பு செய்தால் முகம் அப்படியே கோணிவிடும், அழப்போகிறானோ என்று தோன்றும். அவனும் ஒரு நாள் மோசமான இன்டர்செப்ஷன் போட்டான். எதிரணிக்காரன் அதை டச்டவுனாகவே மாற்றிவிட்டான். இவன் ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி வந்தான். ஸ்டாண்டில் ஒருவர், "போச்சு, பையன் உடைஞ்சுட்டான்" என்றார். பையன் நேரே லைன்மேன்கள் பெஞ்சுக்குப் போனான். அங்கே இருந்ததிலேயே பெரிய ஆள் ஒருவன், முன்னூறு பவுண்டு இருப்பான், பேசாமல் ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டான். இவன் அந்தச் சந்தில் நுழைந்து உட்கார்ந்தான். அந்தப் பெரியவன் தன் கையிலிருந்த பாட்டிலை இவனிடம் நீட்டினான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிறகு மறுபடி உள்ளே போனபோது ஐந்து பேரும் இவனைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த ஒரு சாண் நகர்வுதான் நான் தேடுகிற உடல்மொழி. அது குவார்ட்டர்பேக்கின் உடம்பிலேயே இல்லை.

ஹடிலில் என்ன பார்க்கலாம்?

ஹடில் என்பது பிளேக்கு முன் எல்லாரும் தலையைச் சேர்த்துக் கூடுவது. இவன் வாய் திறக்கும்போது எத்தனை தலை நிமிர்கிறது என்று எண்ணுங்கள். கோச்சின் தொடர்பு அறுந்துபோன அந்த 15 நொடி நினைவிருக்கிறதா? அதற்குள் இவன் ஆட்களை நகர்த்துவதைப் பாருங்கள். ஓடுபவனைக் கையால் இடம் மாற்றுகிறான் என்றால், அவன் உடனே நகர்கிறானா, "நிஜமாகவா?" என்று திரும்பிப் பார்க்கிறானா? நம்பிக்கை இருக்கும் இடத்தில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

1989 ஜனவரி 22, சூப்பர் பவுல். சான் பிரான்சிஸ்கோ 3 புள்ளி பின்தங்கல், 3 நிமிடம் 10 நொடி மிச்சம், 92 கெஜம் போக வேண்டும். அவர்கள் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா ஸ்டாண்டைக் காட்டி லைன்மேன் ஹாரிஸ் பார்ட்டனிடம், அங்கே நிற்பது நகைச்சுவை நடிகர் ஜான் கேண்டிதானே என்று கேட்டார். பார்ட்டன் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். 34 நொடி மிச்சம் இருக்கும்போது டச்டவுன், 20-16. எல்லாரும் இதை மொன்டானாவின் நிதானத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் இதில் பார்ப்பது பார்ட்டனை. படபடப்போடு நிற்பவனுக்கு அந்த நேரத்தில் எது தேவை என்று தெரிந்த ஆளின் பேச்சு அது. தனியே நின்று நிதானமாக இருந்திருந்தால் மொன்டானாவுக்கு மட்டும்தான் லாபம்.

இப்போது பல அணிகள் ஹடிலே போடுவதில்லை. கோட்டருகே நின்று சைகையிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்போதும் கணக்கு அதேதான்.

கோபப்பட்டுக் கத்துவது தலைமைப் பண்பா, சின்னப்பிள்ளைத்தனமா?

டாம் பிரேடி என்றால் முதலாவது. மற்றவர்கள் என்றால் இரண்டாவது.

கிண்டல் இல்லை. 2000 டிராஃப்டில் 199வது ஆளாகத் தேர்வானவர், ஏழு சூப்பர் பவுல் வென்றார். சைட்லைனில் சொந்த லைன்மேன்களைப் பார்த்துக் கத்துவார். 2021 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸிடம் 0-9 என்று தோற்ற அன்று கையிலிருந்த டேப்லட்டைத் தூக்கி எறிந்தார். ஜெயிக்கும் வெறி என்று எழுதினார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் முதல் சீசனில் அதையே செய்தால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். கத்துவதைவிடக் கையை விரிப்பது மோசம். ரிசீவர் தவறான பக்கம் ஓடி, பந்து யாரும் இல்லாத இடத்தில் விழுந்ததும், இரண்டு உள்ளங்கையையும் மேலே காட்டி "நான் என்ன செய்ய?" என்று அறுபதாயிரம் பேருக்கு முன் நிற்பது. கத்தினால் அது அவர்கள் இருவருக்குள் முடிந்துவிடும். கை விரித்தால் ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட்டதாகிவிடுகிறது. ரிசீவர்கள் அதை மறப்பதில்லை.

கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளின் உடல்மொழியை மட்டும் அதிகம் தோண்டுகிறார்கள் என்பது உண்மையா?

என் கண்ணுக்கு உண்மை. இதன் வேர் பழையது. கறுப்பின வீரர்கள் ஓடுவார்கள், பிடிப்பார்கள், ஆனால் அணியை 'நடத்த' மாட்டார்கள் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் இந்த ஆட்டத்தை ஆண்டது. வாரன் மூன் 1978ல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். அதே வருட டிராஃப்டில் ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கனடாவின் எட்மன்டனுக்குப் போய் ஐந்து முறை தொடர்ந்து கோப்பை வென்ற பிறகுதான் என்எஃப்எல் கதவு திறந்தது. 2006ல் புகழ் மண்டபத்தில் சேர்ந்த முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர்.

'ஓட வேண்டியவன், நடத்த வேண்டியவன் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்வது குறைந்துபோனது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது உடல்மொழி என்ற சொல். 2011 டிராஃப்டுக்கு முன் கேம் நியூட்டன் பற்றி வந்த ஒரு மதிப்பீட்டு அறிக்கையில், அவர் சிரிப்பு போலி என்று எழுதியிருந்தது. ஆட்டத்தைப் பற்றிய அறிக்கையில் ஒரு மனிதனின் சிரிப்புக்கு மதிப்பெண்! முதல் சீசனில் அவர் 4,051 கெஜம் எறிந்தார், 14 டச்டவுன் ஓடினார். அப்போதும், தோற்கும்போது சைட்லைனில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாரே என்றார்கள். 2015ல் 15 ஆட்டம் வென்று, ஒன்றில் மட்டும் தோற்று, ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். அப்போது சிரித்தார், ஆடினார், டச்டவுன் போட்ட பந்தை ஸ்டாண்டில் இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நடனம் ஆடுகிறாரே என்று நாளிதழுக்குக் கடிதம் வந்தது. சோகமாக இருந்தாலும் குற்றம், சந்தோஷமாக இருந்தாலும் குற்றம்.

அவர்மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டென்வரிடம் 10-24 என்று தோற்ற பிறகு, தலையை மூடும் ஸ்வெட்டரோடு பேட்டிக்கு வந்து, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி, பாதியில் எழுந்து போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு விஷயம். அவர் அணியினர் அவர் பின்னால் போனார்களா என்பது இன்னொரு விஷயம். அந்த வருடம் 15 முறை போனார்கள்.

லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2018 முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32வதாகத்தான் எடுத்தார்கள். அடுத்த வருடமே ஒரு ஓட்டுகூடப் பிசகாமல் ஆண்டின் சிறந்த வீரர்.

தோற்றதும் அழுகிற பையனை என்ன சொல்வது?

2023 நவம்பர் 4. தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி 42-52 என்று வாஷிங்டனிடம் தோற்றது. அதன் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் ஸ்டாண்டுக்கு ஏறிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். கேமரா விடவில்லை. 'இவன் பெரிய ஆட்டத்துக்குத் தாங்குவானா' என்று வாரம் முழுக்கப் பேச்சு. அடுத்த ஏப்ரலில் சிகாகோ அவரை முதல் ஆளாக எடுத்தது.

இருபத்தொரு வயதில் அம்மாவிடம் அழுவதற்கு நம் ஊரில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இதில் தலைமை பற்றிய தகவல் எதுவும் இல்லை, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

உட்கார்ந்தே இருக்கும்போதுகூடத் தலைமை தெரியுமா?

எனக்குத் தெரிந்து இதற்கு ஜேலன் ஹர்ட்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. எங்கள் டெக்சாஸ் பையன். ஹூஸ்டன் பக்கத்தில் சேனல்வியூ. அப்பாவே பள்ளிக் கோச்.

2018 ஜனவரி 8, அட்லான்டா. தேசியப் பட்டத்துக்கான ஆட்டம், அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும். பாதி ஆட்டத்தில் அலபாமா 0-13. கோச் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். டுவா கூடுதல் நேரத்தில் 41 கெஜம் எறிந்து 26-23 என்று வென்று கொடுத்தார். நாடே பார்க்க வேலை பறிபோன பத்தொன்பது வயதுப் பையன் அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று பதிவுகளில் பாருங்கள். சைட்லைனில் டுவாவோடு பேசுகிறான். டச்டவுன் விழுந்தால் குதிக்கிறான். நடிப்பு என்று சொல்ல விரும்புபவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், ஒரு இரவு நடித்துவிடலாம்தான். ஹர்ட்ஸ் அடுத்த சீசன் முழுக்க வேறு கல்லூரிக்குப் போகாமல் அங்கேயே இரண்டாம் ஆளாக இருந்தார்.

2018 டிசம்பர் 1. அதே மைதானம், அதே ஜார்ஜியா. இந்த முறை டுவாவுக்குக் காலில் அடி. அலபாமா 21-28 பின்தங்கியிருக்க ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு டச்டவுன் எறிந்தார், ஒன்றைத் தானே ஓடிப் போட்டார். 35-28. அன்று அவர் உள்ளே நடந்து வந்தபோது லைன்மேன்களுக்குப் புது ஆள் வந்த கலவரமே இல்லை. அது பதினோரு மாதத்தில் வாங்கிய மரியாதை.

2025 பிப்ரவரி 9 அன்று சூப்பர் பவுலில் பிலடெல்ஃபியா 40-22 என்று வென்றபோது ஆட்ட நாயகன் ஹர்ட்ஸ். அதில் 46 கெஜம் எறிந்த டச்டவுனைப் பிடித்தவர் டிவான்டா ஸ்மித். அந்த அட்லான்டா இரவில் டுவா எறிந்த பந்தைப் பிடித்த அதே ஆள்.

டிராஃப்டில் பெரிய அணிகளே ஆளைப் பார்த்துத்தானே எடுக்கின்றன?

1998ல் ஈலையின் அண்ணன் பேட்டன் மானிங்கா ரயன் லீஃபா என்று உண்மையாகவே விவாதம் நடந்தது. லீஃப் ஓங்குதாங்கான ஆள், கையில் பலம், பேச்சில் தயக்கமில்லை. மானிங் முதலாவதாகவும் லீஃப் இரண்டாவதாகவும் போனார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லீஃப் எறிந்த 15 பந்தில் ஒன்றுதான் சேர்ந்தது, 4 கெஜம். அதைத் தொடர்ந்து உடை மாற்றும் அறையில் ஒரு நிருபர்மேல் பாய்ந்தது வீடியோவில் இன்றும் சுற்றுகிறது. மொத்தம் 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷனோடு அவர் ஆட்டம் முடிந்தது.

ஆனால் மானிங்கின் முதல் சீசன் மட்டும் இனித்ததா? 28 இன்டர்செப்ஷன், 3 வெற்றி, 13 தோல்வி. முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிற படங்கள்தான் அந்த வருடம் முழுக்க. அந்தப் படங்களை வைத்து யாராவது முடிவெடுத்திருந்தால்?

பேட்டியில் நிற்கிற விதம்?

நிற்கிற விதத்தை விடுங்கள், சொல்கிற வார்த்தையைக் கேளுங்கள். 2022 நவம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் 3-10 என்று தோற்றது. தடுப்பாட்டக்காரர்கள் அன்று விட்டுக்கொடுத்தது வெறும் மூன்று புள்ளி; மிச்ச ஏழும், ஜெட்ஸ் உதைத்தனுப்பிய பந்தை எதிரணி திருப்பி ஓடியதில் போனவை. தாக்குதல் பிரிவு இரண்டாம் பாதியில் மொத்தமே 2 கெஜம் போனது. தடுப்பாட்டக்காரர்களைக் கைவிட்டதாக நினைக்கிறீர்களா என்று குவார்ட்டர்பேக் சாக் வில்சனிடம் கேட்டார்கள். நன்றாக நிமிர்ந்து நின்று, "இல்லை" என்றார். சில நாளில் பெஞ்சுக்குப் போனார்.

உடல்மொழியைச் சொல்லிக்கொடுத்து மாற்றலாமா?

இரண்டு நிமிடம் உடம்பை அகல விரித்து மிடுக்காக வைத்துக்கொண்டால் ஹார்மோனே மாறும் என்று 2010ல் ஒரு ஆய்வு வந்து பிரபலமானது. அதிக ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் தெரியவில்லை. எழுதியவர்களில் ஒருவரே 2016ல் இதை நான் இனி நம்பவில்லை என்று அறிவித்தார். எனவே கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்துவது வேண்டாம்.

கை விரிப்பதை மட்டும் நிறுத்தலாம். சனிக்கிழமை வீடியோவில் அவனுக்கே போட்டுக்காட்டினால் போதும், கூசிப்போவான்.

என் பையனே குவார்ட்டர்பேக். நான் என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் கையை. தப்பு நடந்த அடுத்த நொடி பல பிள்ளைகள் ஸ்டாண்டைப் பார்க்கிறார்கள், சரியாக அப்பா உட்கார்ந்திருக்கும் வரிசையை. அந்த நொடியில் அப்பா தலையில் கை வைத்திருக்கிறார். பையனுக்கு உடல்மொழி சரியில்லை என்று என்னிடம் கடையில் வந்து புலம்பிய ஒருவரிடம் இதைச் சொன்னேன். நாச்சோஸை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அடுத்த வாரம் கோல் கம்பத்துக்குப் பின்னால், பையன் கண்ணுக்குப் படாத இடத்தில் நின்றிருந்தார்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஏதாவது வழி?

குவார்ட்டர்பேக்கை எதிரணி தரையில் சாய்த்துவிடுவதை 'சாக்' என்பார்கள். அடுத்த முறை சாக் நடந்தால் அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். அவனைத் தூக்கிவிட எத்தனை கை வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். சாயவிட்ட லைன்மேனே முதல் ஆளாக ஓடி வருகிறானா? இவன் எழுந்ததும் அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டுகிறானா? இரண்டு நொடிதான் அது. பெரும்பாலும் அதற்குள் டிவிக்காரர்கள் மறுஒளிபரப்புக்குத் தாவிவிடுவார்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள். வேலிக்குப் பக்கத்தில், எங்கள் கடைக்கு வலது கைப்பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும்.